குவாண்டம் ஈர்ப்பில் முனைவர் பட்டம்: நான் போகலாமா?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். கருந்துளை, காலவெளி என்றால் பள்ளி நாட்களிலிருந்தே விடாமல் படிப்பேன். ஈர்ப்பையும் குவாண்டம் விதிகளையும் ஒன்றாகப் பொருத்தப் பார்க்கும் குவாண்டம் ஈர்ப்புத் துறையில் முனைவர் பட்டத்துக்குப் போக ஆசை. வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் வருவேன், ஆனால் கேட்டவுடன் விடை சொல்லும் ரகம் இல்லை. கோட்பாட்டு இயற்பியல் மேதைகளுக்கு மட்டும்தான் என்று எங்கள் துறையிலேயே ஒருவர் சொன்னார். வீட்டிலோ, “இன்னும் ஐந்து வருடம் படித்து என்ன வேலைக்குப் போவாய்?” என்று கேட்கிறார்கள். நான் போகலாமா? போவதென்றால் நெறியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்:

வணக்கம். மேதைப் பேச்சை முதலில் ஒதுக்கி வையுங்கள். பல ஆய்வு மாணவர்களுக்கு நெறியாளராக இருந்திருக்கிறேன், சேர்க்கைக் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். கேட்டவுடன் விடை சொல்பவர்கள் இரண்டாம் வருடத்தில் திணறி நிற்பதும், மெதுவாக யோசிப்பவர்கள் அருமையான ஆய்வேட்டை எழுதி முடிப்பதும் எங்களுக்குப் பழகிப்போன காட்சி. தேர்வில் வரும் கேள்விக்கு விடை உண்டு என்பது முன்பே தெரியும். ஆய்வில் கேள்வியே சரியானதா என்று தெரியாது. அங்கே வேகத்தால் பெரிய லாபமில்லை. ஒரே கணக்கோடு மூன்று வாரம் உட்கார்ந்திருப்பது உங்களுக்குப் பிடிக்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கருந்துளையைப் பற்றிப் படிப்பது எல்லோருக்கும் பிடிக்கும். ஆய்வு மாணவரின் சாதாரண நாள் வேறு மாதிரி இருக்கும். காலையில், இதழில் வருமுன்பே கட்டுரைகளைப் போடும் முன்னச்சுத் தளமான ஆர்க்கைவில் புதிதாக வந்த கட்டுரைகளின் சுருக்கங்களைப் பார்ப்பீர்கள். 1991-இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கியது அது. இன்று எங்கள் துறையில் எந்தக் கட்டுரையும் முதலில் அங்கேதான் வெளிவருகிறது. பிறகு நேற்று விட்ட கணக்கை எடுப்பீர்கள். இரண்டு வழியில் போட்டால் இரண்டு விடை வருகிறது, எங்கோ 2 என்ற காரணி ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அல்லது ஒரு குறி மாறியிருக்கிறது. தேடுவீர்கள். மதியம் கருத்தரங்கு, பாதி புரியும். மாலையில் நிரலை ஓட்டிப் பார்த்து, கையால் போட்ட கணக்கோடு ஒப்பிடுவீர்கள். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் இப்படித்தான் போகும். இந்த நாள் உங்களுக்கு ஒத்துவர வேண்டும்.

ஒத்துவருமா என்று இப்போதே சோதித்துப் பார்க்கலாம். உங்களுக்குத் தெரிந்த ஹார்மானிக் ஆஸிலேட்டரை, அதாவது சுருள்வில்லில் மாட்டியது போல ஊசலாடும் துகளை, எடுத்துக்கொள்ளுங்கள். நிறை, அதிர்வெண், பிளாங்க் மாறிலி மூன்றையும் 1 என்று வையுங்கள். நிலையாற்றலோடு லாம்டா பெருக்கல் எக்ஸின் நான்காம் அடுக்கு என்ற ஓர் உறுப்பைச் சேருங்கள். லாம்டா ஒரு சிறிய எண், எக்ஸ் துகளின் இடம். தாழ்நிலை ஆற்றல், அதாவது துகளுக்கு இருக்கக்கூடிய மிகக் குறைந்த ஆற்றல், எவ்வளவு மாறும்? திருத்தங்களை லாம்டாவின் அடுக்குகளாக, வரிசை வரிசையாகக் கணக்கிடலாம். முதல் வரிசைத் திருத்தம் 3/4 லாம்டா. இது பாடப்புத்தகக் கணக்கு, பத்து நிமிடத்தில் வந்துவிடும். இரண்டாம் வரிசைக்கு இடையில் வரும் நிலைகளைக் கூட்ட வேண்டும். ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஏற்றி இறக்கும் ஏணி ஆபரேட்டர்களைக் கொண்டு எழுதிப் பார்த்தால் இரண்டாவது, நான்காவது கிளர்நிலைகள் மட்டுமே பங்களிக்கின்றன என்பது தெரியும். இரண்டாவது நிலை −9/4 தரும், நான்காவது −3/8. லாம்டாவின் இரண்டாம் அடுக்குக்கு மொத்தக் கெழு −21/8. இதுவரை எந்தச் சிக்கலும் இல்லை.

மூன்றாம் வரிசைக்குப் போங்கள். 333/16 வர வேண்டும். முதல் தடவை வராது என்றே நினைக்கிறேன். எங்கே தவறியது என்று தேட ஒரு மாலைப் பொழுது போகலாம். அதற்கு மேல் கையால் போடுவது பாடு, நிரல் எழுதிக்கொள்ளுங்கள். நான்காவது கெழு −30885/128, ஐந்தாவது 916731/256. இப்போது லாம்டாவுக்கு 0.1 என்று போட்டு, ஒவ்வோர் உறுப்பாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். 0.5, 0.575, 0.549, 0.570, 0.545, 0.581. விடை ஓரிடத்தில் நிற்காமல் ஊசலாடுகிறது, போகப்போக ஊசல் பெரிதாகிறது. இன்னொரு பக்கம், மொத்த ஆற்றலைக் குறிக்கும் ஹாமில்டோனியனை நாற்பதுக்கு நாற்பது அணியாக எழுதி, கணினியில் அதன் மிகக் குறைந்த ஐகன் மதிப்பை எடுங்கள்; அதுதான் தாழ்நிலை ஆற்றல். 0.559146 என்று அசையாமல் நிற்கும்.

ஒரே கேள்விக்கு ஒரு வழியில் உறுதியான விடை, இன்னொரு வழியில் சிதறும் தொடர். இதைப் பார்த்ததும் “ஏன்?” என்று உங்களுக்குத் தூக்கம் கெட்டால், இந்த வேலை உங்களுக்கானது. ஏன் என்பதற்கான குறிப்பையும் தருகிறேன். லாம்டா கொஞ்சம் எதிர்மறையானாலும், தூரத்தில் நிலையாற்றல் கீழே சரிந்துவிடுகிறது. துகள் கசிந்து வெளியேறிவிடும், தாழ்நிலை என்று ஒன்றே இருக்காது. எனவே சுழியைச் சுற்றி அந்தத் தொடர் ஒருங்க, அதாவது ஒரே எண்ணில் போய் நிற்க, வழியே இல்லை, லாம்டா எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சரி. ஒளியும் எலக்ட்ரானும் வினைபுரிவதை விளக்கும் குவாண்டம் மின்னியக்கவியலுக்கு இதே மாதிரி வாதத்தை இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் 1952-இல் வைத்தார். நீங்கள் போட்ட இந்த ஆஸிலேட்டரின் கெழுக்கள் எப்படிப் பெருகுகின்றன என்பதை 1969-இல் பெண்டரும் வூவும் விரிவாக ஆராய்ந்தார்கள். சிதறும் தொடரிலிருந்து சரியான விடையை மீட்டெடுப்பது எப்படி என்பது இன்றும் ஆட்கள் முழுநேரமாக வேலை செய்யும் விஷயம். பாடப்புத்தகக் கணக்கிலிருந்து நான்கு அடி நடந்தால் ஆய்வின் வாசலுக்கு வந்துவிடுகிறோம். இடைப்பட்ட தூரத்தில் உங்களுக்குச் சலிப்பு வந்ததா, ஆர்வம் வந்ததா என்பதை நேர்மையாகக் கவனியுங்கள். சலிப்பு வந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சோதனை இயற்பியல் இருக்கிறது, வானியல் தரவு ஆய்வு இருக்கிறது, அறிவியல் எழுத்து இருக்கிறது.

சரி, ஆர்வம்தான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, எந்தத் துறை?

குவாண்டம் ஈர்ப்பில் ஆசை வைத்ததில் தவறே இல்லை. ஆனால் அந்தத் துறையின் நிலைமை தெரிந்து போக வேண்டும். ஈர்ப்பும் குவாண்டமும் நேருக்கு நேர் மோதும் ஆற்றல், ஜெனீவா அருகே உள்ள எல்.எச்.சி. துகள் மோதுவியின் ஆற்றலைவிடச் சுமார் 10-இன் 15-ஆம் அடுக்கு மடங்கு அதிகம். சோதனைச்சாலையிலிருந்து நேரடியாக ஒரு எண் வந்து உங்கள் கருத்தைச் சரி, தவறு என்று சொல்லாது. உள் ஒத்திசைவு, கணித நேர்த்தி, ஏற்கெனவே தெரிந்த விடைகளோடு பொருந்துவது இவைதான் துணை. சிலருக்கு இது சுதந்திரம், சிலருக்கு மூச்சுமுட்டும். நீங்கள் எந்தப் பக்கம் என்று யோசித்துப் பாருங்கள்.

அதோடு, துறைகளுக்கு இடையிலான சுவர்கள் இப்போது மிக மெலிந்துவிட்டன. சச்தேவும் யேவும் 1993-இல் காந்தப் பொருட்களுக்காக ஒரு மாதிரியை எழுதினார்கள். 2015-இல் கிட்டாயேவ் அதன் எளிய வடிவம் ஒன்றை எடுத்து, அது கருந்துளையைப் போல நடந்துகொள்கிறது என்று காட்டினார். இன்று மூவரின் பெயரின் முதலெழுத்துகளால் எஸ்.ஒய்.கே. மாதிரி என்று அதைத்தான் சொல்கிறோம். அதன் சிறிய வடிவத்தை உங்கள் மடிக்கணினியிலேயே தீர்க்கலாம். துகள்களைத் தூரத்திலும் பிணைத்து வைக்கும் குவாண்டம் பின்னலை ஈர்ப்பின் வடிவியலோடு இணைக்கும் ரியு–தகயனாகி சூத்திரம் 2006-இல் வந்தது; அதற்குப் பிறகு குவாண்டம் தகவலியல் தெரியாமல் கருந்துளை ஆய்வு செய்வது கடினமாகிவிட்டது. ஆகவே விண்ணப்பிக்கும்போது “குவாண்டம் ஈர்ப்பு” என்ற பலகை தொங்கும் அறைகளை மட்டும் தட்டாதீர்கள். பலதுகள் இயற்பியல், புள்ளியியல் இயற்பியல், குவாண்டம் தகவல் என்று பக்கத்து அறைகளையும் தட்டுங்கள். அங்கே கற்கும் கருவிகள் கருந்துளைக்கும் வரும். கருந்துளைத் துறை சுருங்கிப்போனாலும் கையில் இருக்கும்.

இப்போது நெறியாளர். உங்கள் கடிதத்தில் கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள், நான் முதலில் வைப்பேன். துறையின் பெயரைவிட நெறியாளர்தான் முக்கியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாணவர்கள் செய்த பெரிய வேலைகளை எடுத்துப் பாருங்கள். மிகக் குளிர்ந்த உலோகம் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீகடத்துதிறன் 1911-இல் கண்டுபிடிக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிய பெரிய மூளைகள் முட்டி மோதியும் விளக்கம் கிடைக்கவில்லை. 1957-இல் அதை விளக்கிய மூவரில் ஒருவரான ஷ்ரீஃபர் அப்போது ஆய்வு மாணவர். நியூயார்க் சுரங்க ரயிலில் போகும்போது, அந்த எலக்ட்ரான்களின் நிலையைச் சொல்லும் அலைச்சார்பை எழுதினார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அவருடைய நெறியாளர் பார்டீன் அந்தச் சிக்கலோடு எத்தனை வருடம் வாழ்ந்தவர் என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. எந்தப் பாதையெல்லாம் அடைபட்டவை என்று பார்டீனுக்குத் தெரிந்திருந்தது. எலக்ட்ரான்கள் ஜோடி சேரும் என்பதை அதே குழுவில் இருந்த கூப்பர் 1956-இல் காட்டியிருந்தார். மாணவர் கையில் வந்தபோது சிக்கல் பழுத்திருந்தது. கெரார்ட் ட் ஹூஃப்ட் 1971-இல், மாணவராக இருக்கும்போதே, அடிப்படை விசைகளை விவரிக்கும் யாங்–மில்ஸ் கோட்பாடுகளை மறுஇயல்பாக்கலாம், அதாவது கணக்கில் வரும் முடிவிலிகளை ஒழுங்காக நீக்கலாம் என்று காட்டினார். அவர் போய்ச் சேர்ந்த நெறியாளர் வெல்ட்மன், மற்றவர்கள் கைவிட்ட அந்தக் கேள்வியைச் சில ஆண்டுகளாகப் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருந்தவர், அதற்கென்றே கணினி நிரல்கூட எழுதி வைத்திருந்தவர். இருவரும் 1999-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மாணவரின் திறமை உண்மையானது, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. சரியான ஆளிடம், சரியான சமயத்தில் அந்தத் திறமை போய்ச் சேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நோபல் பரிசு நமக்குத் தேவையில்லை. நான்கைந்து வருடத்தில் செய்து முடிக்கக்கூடிய, செய்தால் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கக்கூடிய ஒரு கேள்வியை அடையாளம் கண்டு கொடுக்கத் தெரிந்தவர் வேண்டும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அவருடைய புகழைப் பார்க்காமல் அவருடைய பழைய மாணவர்களைப் பாருங்கள். கடைசி ஐந்தாறு மாணவர்களின் பெயரைத் தேடி எடுங்கள். எத்தனை வருடத்தில் முடித்தார்கள்? பாதியில் போனவர்கள் எத்தனை பேர்? முடித்தவர்கள் இப்போது எங்கே? மாணவர்கள் தாமாக, நெறியாளர் பெயர் இல்லாமல், ஒரு கட்டுரையாவது எழுதியிருக்கிறார்களா? அது மிக நல்ல அடையாளம். சொந்தக் காலில் நிற்க அவர் விடுகிறார் என்று அர்த்தம். இதில் ஒரு எச்சரிக்கை: உயர் ஆற்றல் கோட்பாட்டுத் துறையில் ஆசிரியர்களின் பெயர்களை அகரவரிசையில்தான் போடுவார்கள். முதல் பெயர் யாருடையது என்று பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். திண்மப்பொருள் இயற்பியலில் வழக்கம் வேறு, அங்கே வரிசைக்குப் பொருள் உண்டு.

பிறகு இப்போதைய மாணவர்களோடு பேசுங்கள். நெறியாளர் இல்லாத நேரத்தில், தனியாகப் பேசுங்கள். “வாரம் எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள்?”, “மூன்று மாதம் ஒன்றும் நகரவில்லை என்றால் அவர் என்ன செய்வார்?” இந்த இரண்டு கேள்விகள் போதும். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை மிகக் கவனமாகக் கேளுங்கள். கோட்பாட்டு ஆய்வில் மூன்று மாதம் நகராமல் போவது எல்லோருக்கும் வரும். அப்போது கூட உட்கார்ந்து கணக்கைப் பார்ப்பவர், கேள்வியையே சிறிதாக்கிக் கொடுப்பவர், வேறு ஒருவரிடம் அனுப்பிப் பேசவைப்பவர், இவர்களில் யாராக இருந்தாலும் சரி. மாணவர் பதில் சொல்லத் தயங்கினால், அந்தத் தயக்கமே உங்களுக்கான பதில். பெரிய பெயர், உலகப் புகழ், வருடத்தில் பாதி நாள் பயணம், பதினைந்து மாணவர்கள் என்றால் நான் போக மாட்டேன். நாற்பது வயதில், இரண்டு மூன்று மாணவர்களோடு, தானே இன்னும் கையால் கணக்குப் போடுகிறவர் கிடைத்தால் விடாதீர்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். முழு உதவித்தொகையும் கட்டண விலக்கும் இல்லாமல் கோட்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டத்துக்குப் போகாதீர்கள், கடன் வாங்கியும் போகாதீர்கள். நல்ல இடங்களில் உதவித்தொகை கொடுத்துத்தான் எடுப்பார்கள். கொடுக்க முடியாத இடத்தில் பெரும்பாலும் உங்களைக் கவனிக்கவும் முடியாது. காலத்தைப் பொறுத்தவரை, முதுநிலைக்குப் பிறகு சேர்வது வழக்கமாக உள்ள ஐரோப்பிய நாடுகளில் மூன்று நான்கு வருடம், பாடங்களையும் சேர்த்து நடத்தும் அமெரிக்க முறையில் ஐந்து ஆறு வருடம் ஆகும். அடித்தளம் இன்னும் கொஞ்சம் பலப்பட வேண்டும் என்று தோன்றினால், அப்துஸ் சலாம் 1964-இல் இத்தாலியின் திரியெஸ்தேயில் தொடங்கிய ஐ.சி.டி.பி. மையத்தின் ஓராண்டு டிப்ளமா படிப்பைப் பாருங்கள். வளரும் நாடுகளின் மாணவர்களுக்காகவே நடத்துகிறார்கள், உதவித்தொகையும் உண்டு. அங்கிருந்து நல்ல முனைவர் பட்ட இடங்களுக்குப் பலர் போயிருக்கிறார்கள்.

இப்போது வீட்டில் கேட்ட கேள்வி. அது நியாயமான கேள்வி. கோபப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள்.

ஒரு பேராசிரியர் தன் பணிக்காலத்தில் பத்துப் பேருக்கு முனைவர் பட்டம் வாங்கித் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஓய்வு பெறும்போது காலியாவது ஒரே ஒரு நாற்காலி. பதவிகள் பெருகாத வரை, அந்தப் பத்தில் ஒருவருக்குத்தான் அது போன்ற இடம். முனைவர் பட்டத்துக்குப் பிறகு இரண்டு மூன்று வருடப் போஸ்ட்டாக் பணிகள், அதாவது தற்காலிக ஆய்வுப் பணிகள், இரண்டோ மூன்றோ, ஒவ்வொன்றும் வேறு ஊரில் அல்லது வேறு நாட்டில். அதற்குப் பிறகுதான் நிரந்தர வேலைக்கான போட்டி. முப்பத்தைந்து வயது வரை நிலையில்லாமல் இருக்க நேரலாம். திருமணம், குழந்தை, வயதான பெற்றோர் எல்லாம் அந்த வருடங்களில்தான் வரும். பெண்களுக்கு இந்தச் சுமை கூடுதலாக விழுகிறது, அது அநியாயம்தான். நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவருடைய மாணவிகள் எத்தனை பேர் துறையில் தொடர்கிறார்கள் என்றும் பாருங்கள்.

மற்ற ஒன்பது பேர் என்ன ஆகிறார்கள்? தெருவில் நிற்பதில்லை. தரவு அறிவியல், நிதி நிறுவனங்களின் கணிப்பு வேலை, மென்பொருள், குவாண்டம் கணினி நிறுவனங்கள், மருத்துவ இயற்பியல், வானிலைக் கணிப்பு, கல்லூரி ஆசிரியப் பணி என்று போகிறார்கள். பலர் நிம்மதியாக, நன்றாகவே இருக்கிறார்கள். இதில் ஒரே நிபந்தனை, முனைவர் பட்டக் காலத்திலேயே ஒழுங்காக நிரல் எழுதக் கற்றிருக்க வேண்டும். பேனாவும் காகிதமும் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாவது எண்முறைக் கணக்கீடு கேட்கும் வேலையாக இருக்கட்டும். இயற்பியலுக்கும் நல்லது, பிழைப்புக்கும் நல்லது.

“என்ன வேலைக்குப் போவாய்?” என்று வீட்டில் அடுத்த முறை கேட்டால், “பேராசிரியர் வேலைக்கு முயற்சி செய்வேன், கிடைக்க வாய்ப்புக் குறைவு. கிடைக்காவிட்டால் செய்ய இந்த இந்த வேலைகள் இருக்கின்றன. இந்த ஐந்து வருடமும் எனக்குச் சம்பளம் மாதிரி உதவித்தொகை வரும்” என்று சொல்லலாம். இதில் பொய் எதுவும் இல்லை. பேராசிரியர் ஆகாவிட்டாலும் இந்த ஐந்து வருடம் வீணாகவில்லை என்று உங்களுக்கே தோன்றுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தோன்றும் என்றால் போங்கள், நான் முழு மனதோடு சொல்கிறேன். தோன்றாது என்றால் இப்போது வேண்டாம். ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தாலும் யாரும் கதவைச் சாத்திவிட மாட்டார்கள்.

கடைசியாக, நெறியாளர்களுக்கு எழுதும் மின்னஞ்சல். எங்களுக்கு வருவதில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை: “சிறுவயதிலிருந்தே பிரபஞ்சத்தின் ரகசியங்களில் ஆர்வம்.” நாங்கள் அதைத் தாண்டிப் படிப்பதில்லை. நீங்கள் அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றை எடுத்து, அதில் ஒரு சமன்பாட்டையாவது நீங்களே வருவித்துப் பாருங்கள். எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று இரண்டு வரியில் எழுதுங்கள். “உங்கள் 12-ஆம் சமன்பாட்டில் இரண்டாவது உறுப்பை ஏன் விட்டுவிட முடிகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை, குறைந்த வெப்பநிலையில் அது முக்கியமாகாதா?” என்ற மாதிரி. கேள்வி தவறாக இருந்தாலும் பரவாயில்லை. மதிப்பெண் பட்டியலையும் ஒரு பக்கச் சுயவிவரத்தையும் இணையுங்கள். அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறாரா, உதவித்தொகை உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம், அடுத்தவருக்கு எழுதுங்கள். ஒரே நாளில் ஐம்பது பேருக்கு அனுப்புவதைவிட, ஒரு மாதத்தில் ஆறு பேருக்கு இப்படி எழுதுவது பலன் தரும். அந்த ஆறு கட்டுரைகளைப் படித்து முடிக்கும்போது, எந்த மாதிரி வேலை உங்களுக்குப் பிடிக்கிறது என்பதும் தெரிந்திருக்கும்.